ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள்: இரத்த அழுத்தக் கூட்டு மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி?

புனே: மதுரையில் வசிக்கும் 65 வயதுப் பெண்மணி ஒருவர், ஹிஞ்சேவாடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் மகனுடன் சில மாதங்கள் தங்குவதற்காகப் புனே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நாள்தோறும் காலையில் உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரையில் டெல்மிசார்டான் 40 மி.கி., ஆம்லோடிபின் 5 மி.கி. என இரு மருந்துகள் உள்ளன. புனேவில் அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர், அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்று கண்டு, அதே இரண்டு மருந்துகளுடன் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த வேறொரு மாத்திரையை எழுதித் தருகிறார். பழைய மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்ற அறிவுரை, மராத்தியும் இந்தியும் கலந்த உரையாடலில் எங்கோ நழுவிவிடுகிறது. அட்டையின் பெயர் வேறு, மாத்திரையின் நிறமும் வேறு. எனவே இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்று கருதி, மறுநாள் காலை இரண்டையும் அவர் விழுங்குகிறார்.

ஒரே நாளில் அவரது உடலுக்குள் சென்ற டெல்மிசார்டானின் அளவு 80 மி.கி.; ஆம்லோடிபின் 10 மி.கி. இவை இரண்டுமே ஒரு நாளைக்குரிய உச்ச அளவுகள். அவற்றுடன் சிறுநீர்ப் பெருக்கி ஒன்றும் புதிதாகச் சேர்ந்துவிட்டது. ஆம்லோடிபின் உடலை விட்டு மெதுவாகவே நீங்கும் மருந்து. உட்கொண்ட அளவில் பாதி குறைவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நாள்தோறும் இரட்டை அளவு தொடர்ந்தால் அது உடலில் சேர்ந்துகொண்டே போகும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இரவில் கழிவறைக்குச் செல்ல எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அதற்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பு எவருக்கும் உடனே தோன்றாது.

இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. எனினும் இதன் ஒவ்வொரு படியும் அன்றாட வாழ்வில் எளிதில் நிகழக்கூடியதே. இன்று மருத்துவ உலகம் பரிந்துரைப்பது கூட்டு மருந்து முறையைத்தான். அது உறுதியான சான்றுகளின் மேல் நிற்கும் முறை. ஆனால் பல மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் அடங்கும்போது, எந்தெந்த மருந்து உள்ளே இருக்கிறது என்பது நோயாளியின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவுடன், சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாகின. அதன்படி, நாட்டின் வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு மருந்து மட்டும் போதுமானதாக இருப்பதில்லை.

காரணம் உடலின் இயல்பிலேயே இருக்கிறது. இரத்த அழுத்தத்தைப் பல உறுப்புகள் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. ஒரு வழியை மருந்தால் அடைத்தால், உடல் மற்றொரு வழியாக அழுத்தத்தை மீண்டும் உயர்த்த முயலும். ஆம்லோடிபின் இரத்தக் குழாய்ச் சுவர்களைத் தளர்த்துகிறது. அழுத்தம் இறங்குவதை உணரும் சிறுநீரகம் 'ரெனின்' என்ற பொருளை அதிகமாகச் சுரந்து, குழாய்களைச் சுருக்கப் பார்க்கிறது. குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப் பெருக்கிகள் உப்பையும் நீரையும் வெளியேற்றும்போதும் இதே எதிர்வினை எழுகிறது. டெல்மிசார்டான், லோசார்டான் போன்றவை அந்த எதிர்வினையையே தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே இவை ஒன்றாகச் சேரும்போது ஒவ்வொன்றின் பயனும் கூடுகிறது.

பக்கவிளைவுகளிலும் இத்தகைய இணக்கம் உண்டு. ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். டெல்மிசார்டான் சேர்ந்தால் அந்த வீக்கம் குறைகிறது. சிறுநீர்ப் பெருக்கி பொட்டாசியத்தைக் குறைக்கும். டெல்மிசார்டான் அதைச் சற்று உயர்த்தும். ஒரே மருந்தின் அளவை இருமடங்காக்குவதைக் காட்டிலும், வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது அழுத்தத்தை ஏறத்தாழ 5 மடங்கு கூடுதலாகக் குறைக்கிறது என்று 42 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்த 2009ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. குறைந்த அளவில் இரண்டு அல்லது மூன்று மருந்துகளைத் தருவதன் அடிப்படை இதுவே.

அண்டை நாடான இலங்கையில் 700 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'ட்ரையம்ஃப்' ஆய்வு இதனை நேரடியாகச் சோதித்தது. டெல்மிசார்டான் 20 மி.கி., ஆம்லோடிபின் 2.5 மி.கி., குளோர்தாலிடோன் 12.5 மி.கி. ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை ஒரு பிரிவினருக்கும், வழக்கமான சிகிச்சை மற்றொரு பிரிவினருக்கும் வழங்கப்பட்டது. 6 மாத முடிவில் முதல் பிரிவில் 70 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 55 விழுக்காட்டினரும் இலக்கை எட்டினர். இம்முடிவு 2018இல் வெளியானது. இந்தியாவில் 32 மையங்களில் 1,981 பேர் பங்கேற்ற 'டாப்ஸ்பின்' ஆய்வு, இரு மருந்துகள் சேர்ந்த மூன்று வகைக் கூட்டு மாத்திரைகளை ஒப்பிட்டது. 2025இல் வெளியான அதன் முடிவுகளின்படி மூன்றும் ஏறத்தாழ சம அளவில் பயனளித்தன. சுமார் 70 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகளை முதன்முறையாகச் சேர்த்தது. டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் இணைந்த மாத்திரை அவற்றுள் ஒன்று. மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்தால் மறதியும் குறையும் என்பதும் இதற்கு ஒரு காரணம். காலை ஒரு மாத்திரை என்பது நான்கு மாத்திரைகளைக் காட்டிலும் எளிதில் பழகிவிடும்.

மும்பையில் தொடங்கிய வரலாறு

இரத்த அழுத்தத்துக்கு மருந்து என்று ஒன்று கிடைக்கத் தொடங்கியதிலேயே மகாராஷ்டிரத்துக்குப் பங்குண்டு. மும்பையைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேரின் பயனைப் பற்றி 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், சிறுநீர்ப் பெருக்கியுடனும் பிற மருந்துகளுடனும் ஒரே மாத்திரையாகச் சேர்க்கப்பட்டு, பல்லாண்டுகள் உலகெங்கும் விற்பனையாயிற்று. கூட்டு மாத்திரை என்பது புதிய சரக்கு அல்ல. இன்று அதில் சேரும் மருந்துகள்தான் புதியவை.

புனேவுக்குத் தெற்கே உள்ள சாத்தாரா மாவட்டம் வேறொரு வகையில் இங்கு பொருந்துகிறது. 2017 நவம்பரில் இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி 5 மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, மகாராஷ்டிரத்தில் தேர்வான நான்கு மாவட்டங்களில் சாத்தாராவும் ஒன்று. பண்டாரா, வர்தா, சிந்துதுர்க் ஆகியவை மற்ற மூன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் எந்த மருந்தில் தொடங்குவது, அழுத்தம் குறையாவிட்டால் அடுத்து எதைச் சேர்ப்பது என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை வகுக்கப்பட்டது இத்திட்டத்தின் மையக் கூறு. 2022இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

இத்தகைய வரிசையின் பயன் நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். அரசு நிலையத்தில் அடுத்த மாதம் சென்றாலும் அதே மருந்து, அதே அளவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரைக்கும் இது பொருந்தும். தனியார் மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் சிகிச்சை பெறுவோருக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் அட்டையைத் தாங்களே படித்தறிய வேண்டியிருக்கிறது.

அட்டையில் என்ன இருக்கிறது?

இந்தியச் சந்தையில் ஒரே முதற்பெயரில் ஐந்தாறு கூட்டு மாத்திரைகள் விற்பனையாகின்றன. பெயரின் இறுதியில் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்துகளே அவற்றை வேறுபடுத்துகின்றன. 'எச்' என்றால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு. 'ஏஎம்' என்றால் ஆம்லோடிபின். 'சிடி' அல்லது 'சிஎச்' என்றால் குளோர்தாலிடோன். ஆனால் இவ்வெழுத்துகளுக்குப் பொது விதி எதுவும் கிடையாது. 'ஏடி' என்பது ஒரு நிறுவனத்தின் மாத்திரையில் அடினோலாலைக் குறிக்கும். வேறொன்றில் வேறு பொருள் தரக்கூடும். தொலைபேசியில் கடைக்காரரிடம் முதற்பெயரை மட்டும் சொல்லி மாத்திரை வரவழைப்பவர்களுக்கு இந்த ஓரெழுத்து வேறுபாடு ஒரு மருந்தையே கூட்டவோ குறைக்கவோ செய்துவிடும்.

எண்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. '40/5/12.5' என்று அச்சிட்டிருந்தால் மூன்று மருந்துகளின் அளவுகள் அங்கே வரிசையாகத் தரப்பட்டுள்ளன என்று பொருள். விற்பனைப் பெயருக்கு அருகே 'ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியவை' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தரப்பட்டிருக்கும் பகுதியே உண்மையான பெயர்ப்பட்டியல். அதைத் தமிழில் எழுதி, மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைப்பது ஐந்து நிமிட வேலைதான்.

இவ்விடத்தில் புனேவோடு தொடர்புடைய ஒரு சிறப்புக் குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். ஆம்லோடிபின் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு வடிவங்களின் கலவை. அவற்றில் 'எஸ்' வடிவமே இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்த வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தயாரிப்பது எஸ்-ஆம்லோடிபின். புனேவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்க்யூர் நிறுவனம் 'அசோமெக்ஸ்' என்ற பெயரில் விற்பது இம்மருந்தையே. எஸ்-ஆம்லோடிபின் 2.5 மி.கி. என்பது சாதாரண ஆம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம். புனேவில் எஸ்-ஆம்லோடிபின் 5 மி.கி. உட்கொண்டு வந்த ஒருவர், சென்னைக்குத் திரும்பியதும் 'ஆம்லோடிபின் 5' வாங்கினால் அவருக்குக் கிடைப்பது பாதி அளவே. எதிர்த்திசையில் மாறினால் அளவு இரட்டிப்பாகும். இரு அட்டைகளிலும் '5' என்ற ஒரே எண்தான் இருக்கும்.

மருந்துச் சட்டத்தின்படி 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. சீட்டில் உள்ளதற்கு மாற்றாக வேறொன்றைத் தரவும் கூடாது. இரத்த அழுத்த மருந்துகள் இப்பிரிவைச் சேர்ந்தவை. இருந்தும் 'அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்' என்ற சொற்களைக் கேட்டிராத குடும்பம் அரிது. பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். உள்ளடக்கமும் மில்லிகிராம் அளவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதை ஏற்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி விற்பனைப் பெயர் மருந்துகளில், மூலப்பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைக் கைப்பேசியில் காட்டும் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அட்டையின் சிறிய எழுத்துகளைப் படிக்க இயலாத முதியோருக்கு, வீட்டில் உள்ள இளையவர் இதைக் கொண்டு உதவலாம்.

கூட்டு எல்லாம் நற்கூட்டு அல்ல

இரத்த அழுத்தத்துக்கான சில கூட்டுகளுக்குச் சான்று இருப்பதால், கடையில் விற்கும் எல்லாக் கூட்டு மாத்திரைகளும் அத்தகையவை என்று கருதிவிட முடியாது. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமலேயே, மாநில உரிமத்தின் பேரில் ஏராளமான கூட்டு மருந்துகள் சந்தைக்கு வந்ததை நாடாளுமன்ற நிலைக்குழு 2012இல் சுட்டிக்காட்டியது. சந்திரகாந்த் கோகடே தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின், 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தடையை அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156 மருந்துகள் இப்பட்டியலில் சேர்ந்தன. 2025 ஏப்ரலில், ஒப்புதல் பெறாத 35 கூட்டு மருந்துகளின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்துமாறு மாநிலங்களுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியபோது, அவற்றில் இரத்த அழுத்த மருந்துக் கூட்டுகளும் இடம்பெற்றிருந்தன.

சில மருந்துகள் தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் தீங்கு. ராமிப்ரில், எனாலாப்ரில் போன்ற மருந்துகளும், டெல்மிசார்டான், லோசார்டான் போன்றவையும் ஒரே பாதையின் இரு இடங்களில் செயல்படுபவை. இரண்டையும் சேர்த்துத் தந்தால் கூடுதல் நன்மை கிட்டுமா என்று 25,000க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்த 'ஆன்டார்கெட்' ஆய்வு, கூடுதல் நன்மை இல்லை, சிறுநீரகப் பாதிப்பும் மயக்கமும் அதிகம் என்று 2008இல் தெரிவித்தது. வெவ்வேறு மருத்துவர்களிடம் சிகிச்சை பெறும் ஒருவரின் பையில் இவ்விரண்டும் சேர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. அதுபோலவே மெட்டோப்ரோலால், அடினோலால் வகை மருந்துடன் வெராபாமில் அல்லது டில்டியாசெம் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

பல்லக்கு யாத்திரையும் வலி மாத்திரையும்

ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் புறப்பட்டு, புனே நகரின் வழியே பண்டரிபுரம் நோக்கிச் செல்கின்றன. ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவை வார்க்கரிகள் சுமார் மூன்று வாரங்கள் நடந்து கடக்கின்றனர். அவர்களில் முதியோர் ஏராளம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்வோரைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாக இராது. வழிநெடுக மருத்துவ முகாம்கள் அமைக்கப்படுகின்றன. அங்கு வருவோரின் முதன்மையான குறை முழங்கால் வலியும் கால் வலியும்தான் என்பதை ஊகிப்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

கூட்டு மருந்து உட்கொள்பவருக்கு மிகவும் ஆபத்தான தருணம் இதுவே. டெல்மிசார்டான் வகை மருந்து, சிறுநீர்ப் பெருக்கி, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகம் மும்முனைத் தாக்குதலுக்கு உள்ளாகிறது. சிறுநீர்ப் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டிக்கு இரத்தம் வந்து சேரும் குழாயைச் சுருக்குகின்றன. டெல்மிசார்டான், வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வரவு குறைந்து, வெளியேற்றம் கூடி, வடிகட்டலுக்குத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகிறது. பிரிட்டனில் சுமார் 4.87 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இம்மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 விழுக்காடு அதிகமாக இருந்தது. முதல் 30 நாள்களில்தான் அபாயம் மிகுதி.

யாத்திரை ஓர் எடுத்துக்காட்டே. மூட்டுவலிக்காகத் தெருமுனைக் கடையில் வாங்கும் மாத்திரையும், பல்வலிக்காகப் பக்கத்து வீட்டார் தரும் மாத்திரையும் இதே வகையைச் சேர்ந்தவைதான். வலிக்குப் பாராசிட்டமால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. நாள்பட்ட வலிக்கு எதை எடுப்பது என்பதை இரத்த அழுத்த மருந்தின் விவரத்தைக் காட்டி மருத்துவரிடமே முடிவு செய்ய வேண்டும். வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் உயர்த்துபவை. 'மருந்து சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை' என்பவர்களிடம் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றும்போதும் இதே நிலைமை உருவாகும். அந்நாள்களில் சிறுநீர்ப் பெருக்கியும் டெல்மிசார்டான் வகையும் தற்காலிகமாக நிறுத்தப்பட வேண்டியிருக்கலாம். மாத்திரைகள் தனித்தனியாக இருந்தால் இரண்டை நிறுத்தி ஒன்றைத் தொடரலாம். கூட்டு மாத்திரையில் அது இயலாது. ஒன்றை நிறுத்தினால் மூன்றும் நின்றுவிடும். கூட்டு மாத்திரையின் உண்மையான குறை இதுதான். எனவே 'உடல்நலமில்லாத நாள்களில் இதை என்ன செய்வது?' என்ற கேள்வியை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு, விடையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சமையலறையில் மறைந்திருப்பவை

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கென்று விற்கப்படும் குறைந்த சோடியம் உப்பில், சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது. சீனாவில் சுமார் 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில் இத்தகைய உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. அது நல்ல செய்தியே. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்தை உட்கொள்பவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. டெல்மிசார்டான் வகையும் பொட்டாசியத்தை உயர்த்துவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த உப்பும், அளவுக்கு மீறிய இளநீரும் இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும்.

தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தொடர்ந்து உட்கொண்டால் அது பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சிறுநீர்ப் பெருக்கியுடன் சேர்ந்தால் இக்குறைவு இன்னும் கூடும். சளி, மூக்கடைப்புக்குச் சீட்டின்றி வாங்கும் கூட்டு மாத்திரைகளில் உள்ள ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றுபவையே. புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின், எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடும். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, ஆம்லோடிபினின் செயலைப் பெருக்கும். ஆகவே எந்தப் புதிய மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவர் உட்பட, மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு செல்வது பழக்கமாக வேண்டும்.

தொடங்கும்போதும் தொடரும்போதும்

கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில நாள்களில் படுக்கையிலிருந்து சட்டென எழாமல், சற்று நேரம் விளிம்பில் அமர்ந்த பின் எழுவது நல்லது. 80 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் பொதுவாக ஒரே மருந்தில் தொடங்குவதே வழக்கம். டெல்மிசார்டான், ராமிப்ரில் வகையோ சிறுநீர்ப் பெருக்கியோ தொடங்கிய சில வாரங்களுக்குள் இரத்தத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இச்சோதனை அடிக்கடி விட்டுப்போகிறது. மருத்துவர் எழுதித் தராவிட்டால் நோயாளியே நினைவூட்டலாம்.

கருவுற்றிருக்கும் பெண்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் டெல்மிசார்டான், ராமிப்ரில் வகைகளைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கூட்டு மாத்திரையின் பெயரில் இவ்வகை ஒளிந்திருப்பது தெரியாமலேயே போகலாம் என்பதால், மருத்துவரிடம் இதைத் தாமே எடுத்துச் சொல்வது அவசியம்.

காலையா, இரவா என்ற கேள்விக்கு 21,104 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு 2022இல் விடை அளித்தது: மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் வேறுபாடு ஏதும் இல்லை. மறக்காத நேரமே உரிய நேரம். சிறுநீர்ப் பெருக்கி சேர்ந்த மாத்திரையாக இருந்தால் காலையில் உட்கொள்வது இரவுத் தூக்கத்துக்கு நல்லது. ஒரு வேளை தவறிவிட்டால் அன்றே நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. நீடித்து வெளியாகும் வகை என்று குறிக்கப்பட்ட மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

அளவு இயல்புக்கு வந்துவிட்டது என்பதற்காகத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. மருந்தால்தான் அளவு இயல்பில் இருக்கிறது. குறிப்பாக, கூட்டில் மெட்டோப்ரோலால், அடினோலால் வகையோ குளோனிடினோ இருந்தால் திடீர் நிறுத்தம் நெஞ்சுவலியையோ, முன்னைவிட உயர்ந்த அழுத்தத்தையோ கொண்டுவரக்கூடும்.

வீட்டில் அளவெடுப்போர் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், மேற்கையில் பட்டை கட்டி, இரு முறை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு அளவில் 135/85க்கு மேல் தொடர்ந்தால் கட்டுக்குள் இல்லை என்று பொருள். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உதடு, நாக்கு, முகம் ஆகியவை திடீரென வீங்குதல், மயங்கி விழுதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், முதியவர்களிடம் திடீர் மனக்குழப்பம் ஆகியவை தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள். முகம் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கம் செயலிழத்தல், நெஞ்சுவலி ஆகியவற்றுக்கு 108ஐ அழைக்க வேண்டும்; இந்த எண் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்றே.

மதுரையிலிருந்து வந்த அந்தப் பெண்மணியின் விஷயத்துக்குத் திரும்பினால், புதிய அட்டை வீட்டுக்கு வரும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய அட்டைகள் அனைத்தையும் மேசை மீது பரப்பி, உள்ளடக்கப் பெயர்களைப் புதியதுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் தென்பட்டால், அடுத்த வேளைக்கு முன்பாக மருத்துவரையோ மருந்தாளுநரையோ தொலைபேசியில் கேட்க வேண்டும். நிறுத்தச் சொன்ன அட்டை, மாத்திரைப் பெட்டியிலிருந்து அன்றே வெளியேறிவிட வேண்டும்.